'முயல வேண்டும்' என்பது வரம்பு ஆகாது: தமிழ்நாட்டிலிருந்து சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

2025 மார்ச் 31 அன்று ஒரு சட்டத்தின் கெடு முடிந்தது. 2024-25 நிதியாண்டு முடிவதற்குள் ஒன்றிய அரசின் கடன், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது, நீங்கள் அமர்ந்திருக்கும் அதே அவைகள் 2018-இல் திருத்திய நிதிப் பொறுப்புடைமை மற்றும் வரவு செலவு மேலாண்மைச் சட்டத்தின் இலக்கு. கெடு முடிந்த நாளில் அந்தக் கடன் 56 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. நிதிப் பற்றாக்குறையை, அதாவது கடன் நீங்கலான வரவை மொத்தச் செலவு மிஞ்சும் அளவை, 3 விழுக்காட்டுக்குள் அடக்குவதற்கு அதே சட்டம் வைத்த கெடு 2021 மார்ச் 31; அந்த ஆண்டின் பற்றாக்குறை 9.2 விழுக்காடு. அது பெருந்தொற்று ஆண்டு, அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 2025-இல் எந்தத் தொற்றும் இல்லை. கெடு வந்தது, போனது, உங்களில் ஒருவர் எழுந்து நின்று "சட்டம் என்ன ஆயிற்று?" என்று கேட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

நான் பொருளாதார அறிஞன் அல்லன். மாநில அரசின் கருவூலக் கணக்குத் துறையில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் பட்டியல் (அரசிடம் பணம் கேட்டு வரும் பில்) பார்த்து ஓய்வு பெற்றவன். கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் 31 என்பது ஒரு தேதி மட்டுமன்று. நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும். ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற பதற்றத்தில் எல்லா அலுவலகங்களிலிருந்தும் பட்டியல்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஒவ்வொன்றுக்கும் டோக்கன் எண் போட்டு, கணக்குத் தலைப்பு சரிபார்த்து, ஒப்பம் வைத்துக் கை மரத்துப் போகும். கஜானாவில் பணம் இருந்த ஆண்டுகளில் நடந்தது இது.

பணம் இல்லாத ஆண்டுகளில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் நான் பணியாற்றிய ஒரு கருவூலத்தில், மார்ச் மூன்றாம் வாரம் வாய்மொழியாக ஓர் உத்தரவு வந்தது: சம்பளமும் ஓய்வூதியமும் தவிர மற்றப் பட்டியல்களை ஏப்ரல் பிறந்த பிறகு பார்த்தால் போதும். எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் கொடுக்க யாருக்கும் துணிவு இருக்கவில்லை. ஆனால் டோக்கன் போட்ட பட்டியலைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. அதனால் ஆட்சேபணைக் குறிப்பு எழுதித் திருப்பினோம். மாணவர் விடுதி ஒன்றுக்கு அரிசியும் காய்கறியும் கொடுத்த ஒரு முதியவரின் பட்டியலில், அளவுப் பதிவேட்டின் பக்க எண் குறிக்கப்படவில்லை என்று நானே எழுதித் திருப்பினேன். அவர் மறுநாளே பக்க எண்ணைக் குறித்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டாவது முறை, விடுதிக் காப்பாளரின் ஒப்பம் மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதினேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் பட்டியலை என் மேசையில் வைக்கவில்லை. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "சார், இதுல தப்பு எதுவும் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்ப வரட்டும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். ஏப்ரல் 10-க்குப் பிறகு வரச் சொன்னேன். அந்த ஆண்டு மாநிலத்தின் பற்றாக்குறை, அந்த மனிதருக்குத் தர வேண்டிய தொகையளவுக்குக் குறைவாகக் காட்டப்பட்டது.

இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் உண்டு. இருந்தும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வரவு செலவைச் சமன் செய்வது என்றால் என்ன, சமன் செய்ததுபோலக் காட்டுவது என்றால் என்ன என்ற வேறுபாட்டை நான் கற்றது அந்த மேசையில்தான். நம் அரசுகளின் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் கைமாறிய அன்றுதான் செலவு பிறக்கும். கொடுக்க வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டால் மார்ச் அழகாகத் தெரியும். டோக்கன் போட்ட பட்டியலை மூன்று முறை திருப்பிய நான், பிற்காலத்தில் ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கியபோது, அதே கைவேலையை லட்சம் கோடிகளின் அளவில் கண்டேன்.

இந்திய உணவுக் கழகத்துக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய உணவு மானியத்தை முழுதாகத் தராமல், மிச்சத்துக்கு, மக்களின் அஞ்சலகச் சேமிப்பு போய்ச் சேரும் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தையே கடன் வாங்க வைத்தார்கள். கடன் கழகத்தின் கணக்கில் ஏறியது. ஒன்றிய அரசின் பற்றாக்குறையில் அது தெரியவில்லை. 2020 மார்ச் இறுதியில் அப்படிச் சேர்ந்த கடன் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. 2020-21 நிதிநிலை அறிக்கை உணவு மானியத்துக்கு முதலில் ஒதுக்கியது ஏறத்தாழ 1.15 லட்சம் கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 4.22 லட்சம் கோடி ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த இலவச அரிசி அதில் ஒரு பகுதி. பெரும்பகுதி, பல ஆண்டுகளாக ஆட்சேபணைக் குறிப்பு போட்டுத் திருப்பி வைத்திருந்த பழைய பட்டியல். அதை வெளியே கொண்டுவந்து கணக்கில் ஏற்றியதற்காக நிதியமைச்சரைப் பாராட்டவே செய்கிறேன். ஆனால் அத்தனை ஆண்டுகளும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பற்றாக்குறை எண், நான் அந்த மார்ச் மாதத்தில் காட்டிய எண்ணைப் போன்றதுதானே?

இதை ஒரு கட்சியின் குற்றமாக நான் எழுதவில்லை. அதற்கு முந்தைய ஆட்சியில் பெட்ரோலிய நிறுவனங்களுக்கு ரொக்கமாகத் தர வேண்டிய மானியத்துக்குப் பதிலாக எண்ணெய்க் கடன் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அவையும் பற்றாக்குறைக் கணக்கில் வராமலே பிறந்தவை. 2014-இல் ஆட்சி மாறியபோது அவற்றின் நிலுவை ஏறத்தாழ 1.34 லட்சம் கோடி ரூபாய். இரு தரப்பும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தாம்.

சட்டம் இல்லாமலா இப்படி நடக்கிறது? சட்டம் இருக்கிறது, அதன் வரலாற்றை மட்டும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 2003-இல் நிறைவேறிய மூலச் சட்டம், வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது அன்றாடச் செலவு அன்றாட வரவை மிஞ்சும் அளவை, 2008 மார்ச்சுக்குள் அறவே ஒழிக்க வேண்டும் என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2004-லேயே அந்தக் கெடு 2009-க்குப் போயிற்று. 2012-இல், சொத்து உருவாக்கத்துக்குத் தரும் மானியத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் "பயனுறு வருவாய்ப் பற்றாக்குறை" என்ற புதுச் சொல்லைப் புகுத்தி, அதை ஒழிக்கக் கெடு 2015 என்றார்கள். 2015-இல் கெடு 2018 ஆயிற்று. 2018-இல் கெடு நெருங்கியபோது இன்னும் எளிய வழி கண்டார்கள்: வருவாய்ப் பற்றாக்குறை இலக்கையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது 2031 மார்ச்சுக்குள் கடனை 50 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவருவோம், ஒரு விழுக்காடு கூடலாம் குறையலாம் என்று புதிய இலக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 40 எப்படி 50 ஆயிற்று என்பதற்கு விளக்கம் வேண்டாமா?

இந்தத் திருத்தங்கள் நிறைவேறிய வழியையும் கவனியுங்கள். 2004, 2012, 2015, 2018 ஆகிய நான்கு முறையும் திருத்தம் தனி மசோதாவாக வரவில்லை. அந்தந்த ஆண்டின் நிதி மசோதாவுக்குள் ஒரு பகுதியாக வந்தது. நிதி மசோதா பண மசோதா. அதை மாநிலங்களவை திருத்த முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அதாவது, கடன் வாங்குகிறவரே தம் கடன் வரம்பை, வரி விகிதங்களுக்கு நடுவில் ஒரு பத்தியாகச் செருகி, மாநிலங்களின் அவை கைவைக்க முடியாத உறையில் போட்டு மாற்றிக்கொள்கிறார். கருவூலத்தில் ஓர் எழுத்தர் தன் முன்பண வரம்பைத் தானே திருத்தி ஒப்பமிட்டால் அன்றைக்கே தற்காலிகப் பணிநீக்கம்.

சட்டத்தின் வாசகமும் தளர்வானது. 40 விழுக்காட்டு இலக்கை அடைவதை உறுதிசெய்ய அரசு "முயல வேண்டும்" என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. நீதிமன்றம் போனாலும் "முயன்றோம்" என்ற ஒரு சொல்லே போதும். என்னிடம் பட்டியல் கொடுத்த எந்த அலுவலரும் ஒதுக்கீட்டுக்குள் செலவு செய்ய முயன்றேன் என்று சொல்லி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் பெற்றதில்லை.

அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இதை எதிர்பார்க்காமல் இல்லை. நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வரம்பு ஏதேனும் விதித்தால் அந்த வரம்புக்குள், இந்தியத் தொகுப்பு நிதியைப் பிணையாக வைத்து ஒன்றிய அரசு கடன் வாங்கலாம் என்கிறது 292-ஆம் பிரிவு. 1949 ஆகஸ்டில் அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, நாடாளுமன்றம் இந்தக் கடமையைச் செய்யும் என்று தாம் நம்புவதோடு எதிர்பார்க்கவும் செய்வதாக அம்பேத்கர் பேசினார். இந்த எழுபத்தைந்து ஆண்டுகளில், இத்தனை கோடிக்கு மேல் ஒன்றிய அரசு கடன் வாங்கக் கூடாது என்று 292-இன் கீழ் வரம்பு கட்டும் சட்டம் எதையும் உங்கள் அவைகள் இயற்றவில்லை. "வரம்பு ஏதேனும் விதித்தால்" என்ற சொற்றொடரில் உள்ள "ஏதேனும்" என்ற ஒரு சொல்லின் நிழலில் பதினெட்டு மக்களவைகள் இளைப்பாறிவிட்டன.

அடுத்த பிரிவான 293 அப்படி விடப்படவில்லை. ஒன்றிய அரசுக்கு ஒரு ரூபாய் கடன் பாக்கி இருந்தாலும், மாநிலம் புதுக் கடன் வாங்க ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். இந்த ஒப்புதலைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் நிகரக் கடன் உச்சவரம்பு வகுக்கப்படுகிறது. மாநில உற்பத்தியில் 3 விழுக்காடு, மின்துறைச் சீர்திருத்தம் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் இன்னும் கொஞ்சம். மாநிலப் பொதுத்துறை நிறுவனம் வாங்கிய கடனுக்கு மாநில வரவு செலவிலிருந்து வட்டி கட்டினால் அதையும் மாநிலத்தின் கடனாகக் கொண்டு வரம்பில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று 2022-இல் சொல்லப்பட்டது. கொள்கையளவில் இது மிகச் சரியான விதி. என் துறை அனுபவத்தில் இதை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் உணவுக் கழகத்தின் கடனுக்கு அந்த விதி ஏன் அத்தனை ஆண்டுகள் பொருந்தவில்லை? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கணக்குதானே இது? கேரள அரசு இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று, அந்த வழக்கு 2024 ஏப்ரல் 1 அன்று அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் என்ன சொன்னாலும், அந்தத் தீர்ப்பு மாநிலத்தின் கையைக் கட்டிய கயிற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஒன்றியத்தின் கைக்குக் கயிறே இல்லை என்பதை நீங்கள்தான் பேச வேண்டும்.

2020-இல் சரக்கு மற்றும் சேவை வரி இழப்பீட்டுக்குப் பணம் இல்லை என்றானபோது நடந்ததும் நினைவிருக்கும். கடனை மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். பல மாநிலங்கள் மறுத்த பிறகு ஒன்றிய அரசு தானே 1.1 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கி, அதை அப்படியே மாநிலங்களுக்குக் கடனாகக் கைமாற்றியது. இது ஒன்றியத்தின் நிதிப் பற்றாக்குறையைப் பாதிக்காது, மாநிலங்களின் மூலதன வரவாகவே காட்டப்படும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீடு, வாங்குகிறவரின் ஏட்டில் கடனாக எழுதப்பட்ட விந்தையை என் 34 ஆண்டுப் பணியில் நான் கண்டதில்லை. திருப்பிச் செலுத்துவது நீட்டிக்கப்பட்ட இழப்பீட்டு மேல்வரியிலிருந்துதான் என்பதால் மாநிலங்களின் கைப்பணம் போகவில்லை என்பார்கள். போகவில்லைதான். ஆனால் யாருடைய பற்றாக்குறை எவ்வளவு என்று படிக்கிறவருக்கு அந்த ஆண்டின் ஏடு உண்மையைச் சொல்லவில்லை.

நம் மாநிலத்தை நான் உத்தமர் பட்டியலில் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு 2003-லேயே தனக்கென நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றியது. 2005-06 தொடங்கிச் சில ஆண்டுகள் வருவாய் உபரியும் கண்டது. 2013-14 முதல் மீண்டும் வருவாய்ப் பற்றாக்குறையில்தான் இருக்கிறது, சட்டத்தின் கெடுக்களும் தள்ளித்தான் போயின. ஆனால் நாங்கள் தவறினால் கேட்க 293 இருக்கிறது. கையில் காசு குறைந்தால் அகவிலைப்படியைத் தள்ளிவைத்தார்கள், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவதை 2020 ஏப்ரலில் நிறுத்தி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வைத்திருந்தார்கள். வரம்பு உண்மையானால் வலிக்கும். வலித்தால்தான் அடுத்த ஆண்டு யோசிப்பார்கள்.

இனி, நான் கேட்பது என்ன என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது, மொத்த வரவும் மொத்தச் செலவும் ஆண்டுதோறும் சரிசமமாக இருக்க வேண்டும் என்று அரசமைப்பில் எழுதச் சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் 1995-லும் 1997-லும் செனட் அவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அது தோற்றதற்காக நான் வருந்தவில்லை. 2008-இலும் 2020-இலும் வரி வருவாய் வீழ்ந்தபோது, அந்த விதி இருந்திருந்தால் அரசு தன் செலவையும் அதே வேகத்தில் வெட்டியிருக்க வேண்டும். பசித்தவனுக்கு அன்றுதான் அரிசி தேவைப்படும். அமெரிக்க மாநிலங்களில் வெர்மான்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகைச் சமநிலை விதி இருக்கிறது. அதன் விளைவாக அரிசோனா மாநிலம் 2010-இல் தன் சட்டமன்றக் கட்டடங்களையே விற்று அவற்றிலேயே வாடகைக்கு இருந்தது. பொருந்தாத வரம்பு ஆட்சேபணைக் குறிப்புகளைத்தான் பெற்றெடுக்கும், அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஜெர்மனியும் நமக்குப் பாடமாகலாம். 2009-இல் அரசமைப்பிலேயே கடன் தடுப்பு விதியை எழுதி, பொருளாதார ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகு கூட்டரசின் கடனை உற்பத்தியில் 0.35 விழுக்காட்டுக்குள் நிறுத்தினார்கள். பெருந்தொற்றுக்கென ஒதுக்கிய 6,000 கோடி யூரோ கடன் அனுமதியை அரசு வேறு நிதிக்கு மாற்றியபோது, 2023 நவம்பரில் அவர்களுடைய அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, பட்டியலைத் திருப்பியது. வரம்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் பாலமும் இருப்புப்பாதையும் கட்டும் செலவையும் சம்பளச் செலவையும் ஒரே தட்டில் வைத்த அந்த விதியால் முதலீடு வறண்டு, 2025 மார்ச்சில் பாதுகாப்புக்கும் உள்கட்டமைப்புக்கும் விலக்களிக்க அரசமைப்பை மீண்டும் திருத்த வேண்டி வந்தது. இரண்டு பாதியையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டிய விதியின் வடிவம் கிடைக்கும்: அன்றாடச் செலவுக்குக் கடன் கூடாது, நிலைத்து நிற்கும் சொத்துக்கு வரம்புக்குட்பட்ட கடன் வாங்கலாம். வருவாய்க் கணக்கு சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் அது, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கேட்டதும் அதுதான்.

இது முடியாத காரியமன்று. 2007-08-இல் ஒன்றியத்தின் நிதிப் பற்றாக்குறை 2.5 விழுக்காட்டுக்கும் வருவாய்ப் பற்றாக்குறை 1.1 விழுக்காட்டுக்கும் இறங்கியிருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய் வரவு ஏறத்தாழ 34.2 லட்சம் கோடி. வட்டிச் செலவு மட்டும் 12.76 லட்சம் கோடி. வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 37 காசு பழைய கடனின் வட்டிக்கே போகிறது. வருவாய்ப் பற்றாக்குறை 5.24 லட்சம் கோடி, அதாவது உற்பத்தியில் 1.5 விழுக்காடு. இதற்கு அரசின் பதில் எனக்குத் தெரியும்: மாநிலங்களுக்குத் தரும் மானியத்தில் சொத்து உருவாக்கத்துக்கானதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 0.3 விழுக்காடுதான் என்பார்கள். எந்த மானியம் சொத்து, எது செலவு என்று பிரிப்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கணக்கையே ஏற்றுக்கொள்கிறேன். சமநிலைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாக அவர்களே சொல்லும்போது, அதை அரசமைப்பில் எழுதித் தருவதற்கு என்ன தயக்கம்?

ஆகவே உங்களிடம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, 292-ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) ஒன்றை உங்களில் ஒருவர் கொண்டுவர வேண்டும். "ஏதேனும்" என்ற சொல் போக வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் கடன் உச்சவரம்பை நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் விதித்தே ஆக வேண்டும். எந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கூட்டினாலும் வருவாய்க் கணக்கு பற்றாக்குறையில் முடியக் கூடாது. 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். மசோதா வந்தால் அரசு எழுந்து பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் இருக்கும். 368-ஆம் பிரிவின் பட்டியலில் 292 இல்லை என்பதால் மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல்கூட இதற்குத் தேவையில்லை. உங்கள் இரண்டு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை, அதாவது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், இருந்தால் போதும்.

இரண்டாவதாக, போர், பேரிடர், கடும் பொருளாதார வீழ்ச்சி ஆகிய காலங்களில் வரம்பைத் தளர்த்த வழி இருக்கட்டும். ஆனால் அது இரு அவைகளிலும் வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு, எந்த ஆண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவோம் என்ற தேதியோடு, தனித் தீர்மானமாக மட்டுமே இருக்க வேண்டும். நிதி மசோதாவுக்குள் இந்த வரம்பைத் தொடக் கூடாது என்பதும் திருத்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, கடன் என்பதன் வரையறை. அசலையோ வட்டியையோ ஒன்றிய அரசு கட்டும் எந்தக் கடனும், அதை எந்தக் கழகத்தின் பெயரில் வாங்கினாலும், ஒன்றிய அரசின் கடனே. கொடுக்க வேண்டிய மானியத்தில் மார்ச் 31 அன்று கொடுக்காமல் நின்ற நிலுவையும் அதில் சேர வேண்டும். இந்தக் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சான்றளித்து, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் அவையில் வைக்க வேண்டும். மாநிலங்களுக்கு 293-இன் கீழ் எந்த மரக்காலால் அளக்கிறார்களோ அதே மரக்காலால் ஒன்றியத்துக்கும் அளக்க வேண்டும்.

நான்காவதாக, ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் வரிப் பங்கைப் பிரித்துச் சொல்லும் நிதிக்குழுக்களில் 13, 14, 15-ஆம் குழுக்கள் மூன்றும் பரிந்துரைத்த சுதந்திரமான நிதி மன்றத்தை அமைக்கக் கேளுங்கள். வருவாய் எவ்வளவு வரும் என்று அரசே கணித்து, அந்தக் கணிப்பை வைத்து அரசே வரம்பு வகுக்கும் வரை எந்த விதியும் நிற்காது.

கடைசியாக, சட்டத் திருத்தமோ மசோதாவோ தேவைப்படாத ஒன்று. அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் நிதியமைச்சரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: 40 விழுக்காட்டு இலக்கு தவறியதற்கு நாடாளுமன்றத்தில் விளக்க அறிக்கை வைக்கப்பட்டதா, 50 என்ற புதிய எண்ணுக்கு எந்தச் சட்டத்தின் ஆதாரம் இருக்கிறது, 2025 மார்ச் 31 அன்று ஒன்றிய அரசு யார் யாருக்கு எவ்வளவு கொடுக்காமல் வைத்திருந்தது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை எனக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர்